144-ஆல் வகுபடாதவை

போயிங் 747-400 விமானம் மூக்கிலிருந்து வால் வரை 70.6 மீட்டர் நீளம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 64.4 மீட்டர். வாலின் உச்சி தரையிலிருந்து 19.4 மீட்டர் உயரத்தில் நிற்கும். இந்த மூன்று எண்களையும் 144-ஆல் வகுத்தால் 49 சென்டிமீட்டர், 45 சென்டிமீட்டர், பதின்மூன்றரை சென்டிமீட்டர். அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடும். பயணிகள் விமானங்களுக்கு மாதிரிக் கிட் செய்யும் ரெவெல், ஏர்ஃபிக்ஸ், ஸ்வெஸ்தா போன்ற நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த 1/144 அளவையே பின்பற்றுகின்றன.

144 என்ற எண் அடி, அங்குலக் கணக்கில் பிறந்தது. 1932-ல் பிரிட்டனில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற பெயரில் வந்த கிட்டுகளில் நிஜ விமானத்தின் ஆறு அடி, மாதிரியில் ஓர் அங்குலம். அதுதான் 1/72. 1936-ல் பிளாஸ்டிக்கில் வந்த ‘ஃப்ராக் பெங்குயின்’ கிட்டுகளும் அதே அளவில்தான் வந்தன. ஒற்றை எஞ்சின் போர் விமானத்துக்கு 1/72 கச்சிதம். ஆனால் அதே அளவில் ஒரு 747 செய்தால் ஒரு மீட்டர் நீளம் வந்து, வீட்டில் வைக்க இடம் இருக்காது. அதனால் பாதியாக்கினார்கள்: 12 அடிக்கு ஓர் அங்குலம், 1/144.

நீளத்தை வகுப்பது சுலபம். அந்த வேலையை அச்சு வடிவமைத்தவர்கள் ஏற்கெனவே செய்து பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பெட்டியைத் திறந்த பிறகு நாம் செய்யும் வேலை கிட்டத்தட்ட முழுவதும் 144-ஆல் வகுபட மறுக்கும் விஷயங்களோடுதான்: எடை, பிளாஸ்டிக்கின் கனம், பெயின்டின் கனம், திரவங்களின் பரப்பு இழுவிசை, ஒளியின் அலைநீளம், நம் கண்ணின் கூர்மை. இவற்றோடு எப்படிச் சமரசம் செய்துகொண்டார் என்பதில்தான் ஒருவருடைய கைத்திறன் தெரிகிறது.

எடையிலிருந்து தொடங்கலாம். நீளம் 144 மடங்கு குறைந்தால் பரப்பு 144-ன் இருபடி மடங்கும், கன அளவு 144-ன் முப்படி மடங்கும் குறையும். 144-ன் முப்படி 29,85,984. ஏறக்குறைய முப்பது லட்சம். எரிபொருளும் பயணிகளும் இல்லாத 747-400 சுமார் 180 டன். முப்பது லட்சத்தால் வகுத்தால் 60 கிராம். எந்தப் பிளாஸ்டிக் கிட்டும் இந்த எடையில் நிற்பதில்லை. காரணம் அதன் சுவர். நிஜ விமானத்தின் உடலைப் போர்த்தியிருக்கும் அலுமினியத் தகடு பெரும்பாலான இடங்களில் 2 மில்லிமீட்டர் அளவுதான். அதை 144-ஆல் வகுத்தால் 14 மைக்ரான், சமையலறையில் சப்பாத்தி சுற்றி வைக்கும் அலுமினியத் தாளின் கனம். அந்தக் கனத்தில் பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்க முடியாது. உருகிய பிளாஸ்டிக் அச்சின் இடுக்குகளில் ஓடிப் போய் நிரம்புவதற்கே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி தேவை. ஆகவே நம் மாதிரியின் சுவர், நிஜ அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால், 14 சென்டிமீட்டர் கனமுள்ள கோட்டைச் சுவர்.

இது வெறும் கணக்கோடு நிற்பதில்லை. மாதிரியை முடித்துச் சக்கரங்களில் நிறுத்தினால் வால் தரையில் தட்டி, மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். நிஜ விமானத்தில் ஒவ்வொன்றும் சுமார் நான்கு டன் எடையுள்ள எஞ்சின்கள் இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு தொங்குகின்றன. அவை ஈர்ப்பு மையத்தை முன்னுக்கு இழுக்கின்றன. கிட்டில் அந்த எஞ்சின்கள் வெறும் கூடு. வாலிலோ செங்குத்துச் சுக்கானும் கிடைவால்களும் அந்தக் கோட்டைச் சுவர்க் கனத்திலேயே இருக்கின்றன. ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் போய்விடுகிறது. மருந்து, மூக்குக்குள் எடை வைப்பது. எடையையும் தூரத்தையும் பெருக்கி வருவதுதான் திருப்புத்திறன் என்பதால், எவ்வளவு முன்னால் வைக்கிறோமோ அவ்வளவு குறைந்த எடை போதும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டுமுன் டேப் போட்டு இணைத்து, இறக்கையையும் வாலையும் தற்காலிகமாகப் பொருத்தி, சக்கரம் வரும் இடத்தில் தாங்கி நிறுத்தி, மூக்கு இறங்கும்வரை எடை சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டும், பெயின்டும் வாலில் ஏறும். பழைய பேரிங் குண்டுகள் இதற்கு அருமையானவை. ஈயக் குண்டை வெள்ளைப் பசையில் (மரவேலைப் பசையில்) புதைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பசையிலிருந்து மெல்லக் கசியும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளை ஈயமாக்கும். அது உப்பிப் பெருகி, சில ஆண்டுகளில் மூக்கைப் பிளந்துவிடும்.

வால் தட்டுவது மாதிரிகளுக்கு மட்டும் உரிய பிரச்சினையும் இல்லை. நான்கு எஞ்சின்களையும் வாலருகே வைத்த சோவியத் விமானம் இல்யூஷின்-62, காலியாக நிற்கும்போது பின்னால் சாயக்கூடியது. அதற்காகவே வாலடியில் இரு சிறு சக்கரங்களோடு மடங்கி உள்ளே போகும் ஒரு தாங்குகால் வைத்தார்கள். இல்யூஷின் கிட் செய்பவருக்கு இது ஒரு வரம்.

அடுத்தது ஒட்டும் வேலை. கிட்டின் பிளாஸ்டிக், பாலிஸ்டைரீன். டிவிப் பெட்டியைச் சுற்றி வரும் தெர்மோகோலும் அதே பொருள்தான், வாயுவால் நுரைக்க வைத்தது. தெர்மோகோல் துண்டில் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் ஒரு சொட்டு விட்டால் அது குழிந்து கரைவதைப் பார்க்கலாம். ஆரஞ்சுத் தோலிலிருந்து வரும் லிமோனீன் எண்ணெயும் கரைக்கும். கிட் ஒட்டும் திரவங்கள் இவைதான்: அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட், சிலவற்றில் லிமோனீன். பெயர்தான் பசை, இவை எதையும் ஒட்டுவதில்லை. இரண்டு பரப்புகளையும் கரைத்து, அவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைய விட்டு, பிறகு தாம் ஆவியாகிப் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். வெல்டிங் என்றே சொல்லலாம்.

உடலின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, பிரஷ் நுனியால் இந்தத் திரவத்தை மூட்டில் தொட்டால் போதும். நுண்புழை ஈர்ப்பால் அது கோட்டின் வழியே தானாக ஓடும். சில வினாடி பொறுத்து லேசாக அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் ஒரு மெல்லிய மணிக்கோடாக வெளியே பிதுங்கும். அந்தப் பிதுக்கம்தான் நல்ல மூட்டின் அடையாளம். இடுக்கை அதுவே அடைத்துவிடும். மறுநாளே தேய்த்துச் சமமாக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும், பொறுக்க வேண்டும். ஆழத்தில் மாட்டிய கரைப்பான் வெளியேற நாள்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். அது வெளியேறும்போது அந்த இடம் சற்றே சுருங்கும். அவசரப்பட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய உடலில், ஒரு மாதம் கழித்து, முதுகு நெடுகப் பேய்போல ஒரு பள்ளக்கோடு எழும்பி வரும்.

பயணிகள் விமானத்தில் மூட்டு மறைவது உயிர்நாடி. போர் விமானத்தின் பச்சையும் பழுப்புமான மங்கிய வண்ணத்தில் பல குறைகள் ஒளிந்துகொள்ளும். பளபளக்கும் வெள்ளைக் குழாயில் ஒளிய இடமில்லை. ஆகவே கார் டிங்கரிங் பட்டறையில் நடக்கும் அதே வரிசை: பட்டி பார்ப்பது, உப்புத்தாள், பிரைமர், மறுபடி பட்டி, மறுபடி தாள். 400 எண் தாளின் துகள் சுமார் 35 மைக்ரான். 1000 எண்ணில் 18. 2000 எண்ணில் 10. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். ஒரு பரப்பின் மேடுபள்ளம் அலைநீளத்தின் சிறு பங்காகக் குறையும்போதுதான் அது கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். அதுவரை ஒளியைச் சிதறடித்து மங்கலாகவே தெரியும். 2000 எண் தாளின் கீறலும் அந்த அளவுக்கு அருகில் இல்லை. மீதி வேலையைப் பெயின்டும் வார்னிஷும் தங்கள் பரப்பு இழுவிசையால் செய்கின்றன. ஈரமாக விழுந்த மெல்லிய படலம் கீறல்களின் மேல் தானே சமமாகப் படர்கிறது. பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷைத் தூரத்தில் பிடித்தால் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து, பரவ முடியாமல் மணல்போல் உட்காரும். அருகில் பிடித்தால் வழிந்துவிடும். ஈரமாக விழவும் வேண்டும், வழியவும் கூடாது என்ற அந்தக் குறுகிய இடைவெளியைக் கை கற்றுக்கொள்வதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை. விரைவாக ஆவியாகும் தின்னர், ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு அதைக் குளிர வைக்கிறது. மழைக்கால ஈரக்காற்றில் அந்தக் குளிர்ச்சியே போதும். காற்றிலுள்ள நீராவி பெயின்டின் மேல் நுண்துளிகளாகப் படிந்து, காயும் படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். தெளிவான வார்னிஷ் பால்போல் வெளுத்துப் போகும். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்தால் இது பெருமளவு குறையும். அதைவிட, வெயில் ஏறிய உலர்ந்த பிற்பகலுக்குக் காத்திருப்பது உத்தமம்.

வெள்ளை வண்ணம்தான் இந்தக் கலையின் கடினமான பாடம். அதன் காரணம் அழகான இயற்பியல் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். கறுப்பு பெயின்ட் தன்மேல் விழும் ஒளியை விழுங்கி, அடியில் உள்ளதை மறைக்கிறது. வெள்ளை எதையும் விழுங்குவதில்லை. அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்ஸைடு துகள்கள் ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான். அந்தத் துகளின் ஒளிவிலகல் எண் 2.7 அளவு, சுற்றியுள்ள பிசினுடையது 1.5. இந்தப் பெரிய வித்தியாசமே சிதறலின் ஊற்று. துகள் 0.2, 0.3 மைக்ரான் அளவில், அதாவது ஒளி அலைநீளத்தின் ஏறத்தாழ பாதியாக, இருக்கும்போது அது மிகச் சிறப்பாகச் சிதறடிக்கும். ஒரு துகளைத் தாண்டிய ஒளி அடுத்ததில் மோத வேண்டும், அதைத் தாண்டியது அதற்கடுத்ததில். அடித்தளத்துக்குப் போய்ச் சேராமல் எல்லா ஒளியும் திரும்ப வேண்டுமானால் படலம் பத்து மைக்ரான்களின் கணக்கில் தடிக்க வேண்டும்.

இப்போது அளவைப் பொருத்திப் பாருங்கள். நிஜ விமானத்தில் பெயின்ட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதை 144-ஆல் வகுத்தால் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய வெள்ளை எதையும் மறைக்காது, ஒரு மூடுபனிபோல் தெரியும். ஒளியின் அலைநீளத்தைச் சுருக்க முடியாதவரை சரியான அளவு வெள்ளை பெயின்ட் என்று ஒன்று சாத்தியமே இல்லை. நாம் பூசும் 30 மைக்ரான் படலத்தை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 4 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் கறுப்பு, கருஞ்சாம்பல் தளத்தின் மேல் வெள்ளை பூசுவதில்லை. வெளிர்சாம்பல் அல்லது வெள்ளைப் பிரைமர் போட்டு, அதன் மேல் மெல்லிய பல பூச்சுகளாக ஏற்றி, போதும் என்று தோன்றிய கணத்தில் நிறுத்துகிறார்கள். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் கதவின் விளிம்பும் செதுக்கிய கோடுகளும் வெள்ளைக்குள் மூழ்கிவிடும்.

நிஜ வானிலும் வெள்ளைக்கு வேலை உண்டு. ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்டின் மூக்கு காற்று அமுக்கத்தால் 127 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். அந்த வெப்பத்தோடு வெயிலும் சேராமலிருக்க, மிகுந்த பிரதிபலிப்புள்ள வெள்ளை பூசினார்கள். 1996-ல் பெப்சி விளம்பரத்துக்காக ஏர் ஃபிரான்ஸின் ஒரு கான்கார்டுக்கு நீலம் பூசியபோது, இறக்கைகளை வெள்ளையாகவே விட்டுவிட்டு, உச்ச வேகத்தில் தொடர்ந்து பறக்கும் நேரத்தையும் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. அந்த நீலக் கான்கார்டை மாதிரியாகச் செய்கிறவர் இறக்கையையும் நீலமாக்கிவிட்டால், பார்த்தவுடன் தெரிந்துவிடும் பிழை அது.

தகடுகளின் இணைப்புக்கோடுகளைப் பற்றி மாதிரி செய்பவர்களிடையே ஓயாத விவாதம் உண்டு. கிட்டில் அவை செதுக்கிய பள்ளங்களாக, 0.15 மில்லிமீட்டர் அகலத்தில் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், நிஜ அளவில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வாய் பிளந்த இடுக்கு. அப்படி ஒரு விமானம் இல்லை. உடலில் இருப்பவை பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று படிந்த தகட்டு விளிம்புகள். சரி, கண்ணுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்? மாதிரியை அரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது நிஜ விமானத்தை 72 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். சாதாரணக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். 72 மீட்டரில் அது 2 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்த எதுவும் தெரியக்கூடாது என்று இங்கேயே முடித்துவிடலாம்; ஆனால் கண் அதைவிட நுட்பமானது. மெல்லிய கோடாக இருந்தாலும், சுற்றுப்புறத்தோடு நிறம் மாறுபட்டால், அதன் அகலத்தைப் பிரித்தறியாமலே ‘அங்கே ஒரு கோடு இருக்கிறது’ என்று கண்டுகொள்ளும். வெகுதொலைவிலும் மின்கம்பி தெரிவது இதனால்தான். ஆகவே கோடுகளை முற்றாக அடைப்பதும் சரியில்லை, கறுப்பு மை ஊற்றி எடுப்பாக்குவதும் சரியில்லை. வெள்ளை உடலில், வெள்ளையைவிடச் சற்றே கருத்த வெளிர்சாம்பலை நீர்க்கக் கரைத்து ஓடவிட்டு மிச்சத்தைத் துடைப்பதுதான் என் தேர்வு. இறக்கையின் மடிப்புகள், சுக்கான், ஏற்றத்தட்டு போன்ற அசையும் பாகங்களைச் சுற்றி மட்டும் நிஜமாகவே இடைவெளி உண்டு, அங்கே நிழலும் உண்டு. அந்தக் கோடுகளை ஒரு படி கருமையாக்கலாம்.

பிறகு டீகால்கள். பெயர், பட்டைக்கோடுகள், ஜன்னல்கள், கதவு விளிம்புகள் எல்லாம் பசைத்தாளின் மேல் மெல்லிய படலமாக அச்சாகி வரும். தண்ணீரில் போட்டால் பசை இளகி, படலம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இதில் முதல் எதிரி காற்று. மங்கலான, சொரசொரப்பான பெயின்டின் மேல் டீகாலை வைத்தால் பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். படலத்திலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து பெயின்டுக்கும் ஒளி தாண்டும் ஒவ்வொரு எல்லையிலும் ஏறத்தாழ நான்கு சதவீதம் திரும்பி வரும். எழுத்துகளைச் சுற்றியுள்ள ‘தெரியாத’ படலம் வெள்ளி பூசியதுபோல் மின்னும். பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு போட்டுவிட்டு அதன் மேல் டீகால் வைப்பது அழகுக்காக இல்லை, காற்றுக்கு இடம் தராமலிருக்க.

இரண்டாவது எதிரி கணிதம். 1827-ல் கார்ல் ஃபிரெடரிக் காஸ் நிறுவிய தேற்றம் ஒன்று உண்டு: ஒரு பரப்பை நீட்டாமல், கிழிக்காமல், சுருக்காமல் எப்படி வளைத்தாலும் அதன் உள்ளார்ந்த வளைவு மாறாது. தட்டையான தாளின் வளைவு சுழியம். உருளையின் வளைவும் சுழியம்தான், ஏனென்றால் அது ஒரு திசையில் மட்டுமே வளைகிறது. ஆகவே விமானத்தின் நடு உடலில் எவ்வளவு நீளமான டீகாலும் சுருக்கமின்றிப் படியும். மூக்கு இரு திசைகளிலும் வளைகிறது. அங்கே தட்டைப் படலம் சுருங்காமல் படிவது கணித விதிப்படி நடக்காத காரியம். உலகப் படங்களில் கிரீன்லாந்து வீங்கித் தெரிவதும் இதே தேற்றத்தின் விளைவு. நமக்கு இருக்கும் ஒரே வழி படலத்தை நீளவைப்பது. டீகால் இளக்கும் திரவம் அந்தப் படலத்தைச் சில நிமிடங்களுக்குக் குழைவாக்குகிறது. அந்த நேரத்தில் அது பார்க்கவே பயமாகச் சுருங்கி நெளியும். தொடக்கூடாது. தானாகவே இழுபட்டு வளைவில் படிந்துவிடும்.

ஏர் இந்தியாவின் 747 செய்பவருக்கு இந்தத் தேற்றம் ஒவ்வொரு ஜன்னலிலும் எதிர்ப்படும். 1971-ல் ‘எம்பரர் அசோகா’ என்ற பெயரோடு வந்த முதல் 747 முதற்கொண்டு, ஜன்னல் ஒவ்வொன்றையும் சுற்றி ராஜஸ்தான் அரண்மனைகளின் ஜரோக்கா வளைவு சிவப்பில் தீட்டப்பட்டிருந்தது. உலகின் விமான அலங்காரங்களில் அதற்கு இணையான ஒன்றை நான் கண்டதில்லை. நடு உடலில் அந்த வளைவுகள் ஒரு நீண்ட டீகாலாக நேராகப் போய் உட்காரும். முன்பகுதியில் சுவர் உள்நோக்கிக் குறுகத் தொடங்கியதும் வரிசை ஏறவோ இறங்கவோ பார்க்கும். ஒரு வளைவு அரை மில்லிமீட்டர் விலகினாலும் நிஜத்தில் 7 சென்டிமீட்டர். கண் உடனே பிடித்துவிடும். அங்கே டீகாலை இரண்டு இரண்டு ஜன்னல்களாக வெட்டி, தனித்தனியாகப் படிய வைப்பதே வழி. வெட்டப்பட்ட சிறு துண்டுக்குள் வளைவு மிகக் குறைவு என்பதால் தேற்றம் விட்டுக்கொடுக்கிறது.

எஞ்சின் வாய் விளிம்பும் இறக்கையின் முன் விளிம்பும் நிஜத்தில் பெயின்ட் பூசாத உலோகம். மழையும் மணலும் பெயின்டை அரித்துவிடும் என்பதாலும், பனி படியாமலிருக்கச் சூடேற்ற வேண்டியிருப்பதாலும் அப்படி. நேரான இறக்கை விளிம்புக்கு ஒட்டும் உலோகத்தாள் போதும். வளையமான எஞ்சின் வாயில் மறுபடி காஸ் குறுக்கே வருவார், தாள் கசங்கும். அங்கே உலோக பெயின்ட் நல்லது. அதற்கு அடியில் பளபளப்பான கறுப்பு பூசுவார்கள். அலுமினியச் செதில்களின் இடுக்கில் நுழையும் ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடுவதால், செதில்களிலிருந்து வரும் நேரான பிரதிபலிப்பு மட்டும் மிஞ்சும்.

கடைசியில் வார்னிஷ். எவ்வளவு பளபளப்பு? நிஜ விமானம் மின்னுகிறது, எனவே மாதிரியும் மின்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் பளபளப்பு என்பது சுற்றுப்புறத்தின் பிம்பம். சூரியன் நம் கண்ணுக்கு அரை பாகை அகலம்தான். அதனால் விமான நிலையத்தில் நிற்கும் விமானத்தின் முதுகில் விழும் வெளிச்சக்கீற்று மிக மெல்லியது. வீட்டில் இரண்டு மீட்டர் தள்ளி எரியும் நாலடி டியூப் லைட் முப்பது பாகைக்கு மேல். அதன் பிம்பம் மாதிரியின் முதுகில் அகன்ற வெள்ளைப் பட்டையாக விழுந்து, பார்த்தவுடனே இது சிறிய பொருள் என்று காட்டிக்கொடுத்துவிடும். அறைக்குள் வைப்பதற்குப் பளபளப்பு வார்னிஷில் சிறிது மங்கல் வார்னிஷ் கலந்து பூசினால் அந்தப் பட்டை தணியும். படம் எடுக்க மட்டும் மாதிரியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். சூரியன் அவ்வளவு தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் 70 மீட்டர் விமானத்துக்கும் அரை மீட்டர் விமானத்துக்கும் ஒரே மாதிரி, இணையாகவே வருகின்றன. அது ஒன்றை மட்டும் 144-ஆல் வகுக்க வேண்டியதில்லை. பெரிய கேமராவைவிடக் கைபேசி இங்கே உதவும். அதன் சின்ன லென்ஸில் மூக்கு முதல் வால் வரை கூர்மையாக விழும். கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரையை ஒட்டி, சக்கரத்தின் மட்டத்துக்கு வரும்படி பிடியுங்கள். 1/144 அளவில் ஒரு மனிதரின் கண், தரையிலிருந்து 11 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது.